ஒண்டிக்கடையில் இன்று என்ன சேதி?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் ஏற்காடு. அங்கே ஒண்டிக்கடை என்று ஓர் இடம். பெயரைக் கேட்டால் ஒரே ஒரு கடைதான் இருக்கும் என்று தோன்றும். போய்ப் பார்த்தால் கடைகளுக்குக் குறைவில்லை!

மிளகு விற்கிறார்கள். காப்பித்தூள் விற்கிறார்கள். வெளியூர்க் கார்கள் வந்து நிற்கின்றன. குரங்கு ஒன்று யார் கையிலிருந்தோ சோளக் கதிரைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. திடீரென்று பனிமூட்டம் இறங்குகிறது. எதிர்க் கடை கண்ணுக்குத் தெரியவில்லை.

பத்து வயதுப் பிள்ளை ஒன்று நோட்டும் பென்சிலுமாக அங்கே அரை மணி நேரம் நின்றால், எழுதுவதற்கு எவ்வளவு சங்கதிகள்!

ஆனால், பல பிள்ளைகளின் டைரியில் இருப்பது என்ன? “காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். இட்லி சாப்பிட்டேன். படித்தேன். தூங்கினேன்.” மறுநாளும் அதே கதைதான். இட்லிக்குப் பதில் தோசை. அவ்வளவே வித்தியாசம்!

குறை பிள்ளையிடம் இல்லை. “தினம் ஒரு பக்கம் எழுது” என்று கட்டளை போட்டுவிட்டு, எழுதியதும் சிவப்பு மையோடு உட்கார்ந்துவிடுகிறார்களே, அவர்களிடம்தான் இருக்கிறது.

வீடே பள்ளிக்கூடம்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அது கூறுகிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை ஏதும் இல்லை. வீட்டில் கற்பிக்கலாமா, கூடாதா என்று ஒரு வார்த்தையும் இல்லை! தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம், 14 வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு வழி.

இது யாரோ சில பேருடைய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளை மூடியது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஒன்றரை வருஷத்துக்கு மேல் எல்லா வீடும் பள்ளிக்கூடம்தான்!

பாடம் பின்தங்கியது என்று அப்போது எல்லோரும் கவலைப்பட்டார்கள். நியாயமான கவலை. ஆனால், வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு குறையும் உண்டு. பேச்சுத் துணை இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளை, குரங்கு சோளம் பிடுங்கிய கதையைப் பக்கத்துப் பெஞ்சுக்காரனிடம் சொல்லிச் சிரித்துவிடும். வீட்டுப் பிள்ளை யாரிடம் சொல்லும்?

கிட்டி என்னும் தோழி

ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமி இருந்தாள். 1942 ஜூன் 12-ந் தேதி அவளுடைய 13-வது பிறந்த நாள். ஒரு டைரி பரிசாகக் கிடைத்தது. அடுத்த மாதமே, ஹிட்லரின் ஆட்களுக்குப் பயந்து குடும்பம் ஒளிந்துகொண்டது. இரண்டு வருஷங்கள் வெளியே தலைகாட்ட முடியவில்லை. பள்ளி ஏது? மறைவிடத்திலேயே பாடம் படித்தாள்.

பேசுவதற்குத் தோழி இல்லை. ஆகவே ஒரு தோழியைக் கற்பனை செய்துகொண்டாள். “கிட்டி” என்று பெயர் வைத்து, அவளுக்குக் கடிதம் எழுதுவதுபோல் டைரி எழுதினாள். 1944 ஆகஸ்டில் பிடிபட்டாள். 1945-ல் முகாமில் இறந்தாள். குடும்பத்தில் உயிர் தப்பிய தந்தை 1947-ல் அந்த டைரியைப் புத்தகமாக வெளியிட்டார்.

அந்தத் துன்பம் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். அந்த யுக்தி எல்லாக் குழந்தைக்கும் ஆகும். யாருக்கு எழுதுவது என்று தெரிந்துவிட்டால், எதை எழுதுவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடுகிறது. தோழியாக இருக்கட்டும், வீட்டு ஆட்டுக்குட்டியாக இருக்கட்டும். “அன்புள்ள இருபதாவது வளைவே!” என்று மலைப்பாதைக்கே கடிதம் எழுதினால் யார் தடுக்கப்போகிறார்கள்?

சின்னஞ்சிறு பிள்ளைக்குக் கடிதம்கூட வேண்டாம். ஜப்பானில் கோடை விடுமுறைக்குப் பட டைரி எழுதச் சொல்கிறார்கள். பக்கத்தின் மேல் பாதியில் படம், கீழே இரண்டு மூன்று வரி. குரங்கை வரைந்து, “திருடன்” என்று ஒரே வார்த்தை எழுதினாலும் அன்றைய டைரி முடிந்தது!

சிவப்பு மை வேண்டாம்

டைரி நமக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் தினப்படிச் சேதி எழுதி வைத்தார். கப்பல் வந்தது, பீரங்கி போட்டது, ஊரில் பேசிக்கொண்டது எல்லாம் அதில் இருக்கின்றன. பேச்சு வழக்கிலேயே எழுதினார். இன்றைய இலக்கணப்படி திருத்தினால் பக்கமெல்லாம் சிவப்பாகிவிடும். அந்தக் காலத்துப் புதுச்சேரியை அறிய விரும்புகிறவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

ஆகவே, எழுத்துப் பிழையைத் திருத்த வேறு நோட்டு இருக்கட்டும். டைரியில் கை வைக்க வேண்டாம். பிள்ளை காட்டினால் படிக்கலாம். காட்டாவிட்டால் எடுத்துப் பார்ப்பது சரியல்ல. ஒளித்து வைக்கும் டைரியில்தான் உண்மை இருக்கும்!

“எங்களுக்கே இப்போதுதான் எழுத்துக் கூட்டத் தெரியும், நாங்கள் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?” என்று சில தாய்மார்கள் தயங்கலாம். அவர்களுக்கு இன்னும் சுலபம். அம்மா தோட்டத்தில் அன்று கண்டதைச் சொல்லட்டும். பிள்ளை எழுதி, வாசித்துக் காட்டட்டும். வீட்டில் கற்பிக்க எல்லாக் குடும்பத்துக்கும் வசதி இராது. ஒரு நோட்டுப் புத்தகம் எல்லா வீட்டுக்கும் ஆகும்.

காப்பி பூத்த தேதி

ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் பூத்த நாட்களை ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக யார் யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள். மிகப் பழைய குறிப்பு கி.பி. 812-ம் வருஷத்தியது. அந்தப் பழைய டைரிகளையெல்லாம் விஞ்ஞானிகள் தேடிச் சேர்த்தார்கள். 2021-ல் மார்ச் 26-ந் தேதியே மரங்கள் முழுதாகப் பூத்துவிட்டன. அதுவரை இத்தனை நூற்றாண்டுக் குறிப்புகளில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை! பூமி சூடேறுகிறது என்பதற்கு அந்தக் குறிப்புகளும் ஒரு சாட்சியாகிவிட்டன.

சேர்வராயன் மலையில் செர்ரிக்குப் பதில் காப்பி இருக்கிறது. கோடை தொடங்கும்போது ஒரு நல்ல மழை பெய்தால், சுமார் ஒரு வாரம் பத்து நாளில் செடியெல்லாம் மல்லிகைபோல் வெள்ளையாகப் பூக்கும். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். மழை பெய்த தேதி ஒன்று, பூத்த தேதி ஒன்று. இரண்டையும் ஒரு பிள்ளை இந்த வருஷம் டைரியில் குறித்து வைத்தால், அடுத்த வருஷம் மழை பெய்த அன்றே, எந்த நாளில் பூக்கும் என்று வீட்டாரோடு பந்தயம் கட்டலாம்.