விளங்கேல்லையெண்டா தொடாதே

பழைய மின்னஞ்சல்களை ஒரு மென்பொருளில இருந்து இன்னொண்டுக்கு மாத்தின பிறகு திறந்து பார்த்திருக்கிறீங்களா? தமிழ் இருந்த இடத்தில் கறுப்பு வைர வடிவத்துக்குள் கேள்விக்குறிகள், வரிசை வரிசையாக. "வேற ஃபொன்ட் போட்டால் சரிவரும்" எண்டு சொல்லுவினம். வராது. அங்கே எழுத்தே இல்லை.

யுனிகோட் பரவுவதற்கு முன்னர் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் எங்கட வீடுகளுக்கும் இடையில் போன தமிழ்க் கடிதங்கள் பல திஸ்கியில் எழுதப்பட்டவை. (பாமினி பெரும்பாலும் ஆங்கில விசைகளிலேயே உட்கார்ந்திருந்தபடியால் ஓரளவு தப்பியது.) திஸ்கியின் தமிழ் எழுத்துகள் 127க்கு மேற்பட்ட பைட்டுகளில் இருக்கும். ஆனால் 'இது திஸ்கி' என்று கடிதத்தின் தலைப்பகுதி சொல்லாது. ஆஸ்கி என்று இருக்கும், அல்லது ஒன்றுமே இராது. வாசிக்கிற மென்பொருள் 127க்கு மேல் எதைக் கண்டாலும் 'செல்லாது' என்று ஒரே குறியால் மாற்றிவிடும். திரையில் காட்ட மட்டும் அப்படிச் செய்தால் பொறுக்கலாம். அதையே திரும்பக் கோப்பில் எழுதுகிறதே, அதுதான் அநியாயம். 'அ'வும் 'ழ'வும் ஒரே கேள்விக்குறி ஆன பிறகு எந்த மாற்றியாலும் மீட்க ஏலாது.

தலைப்பகுதியிலும் இதே கதைதான். கடிதம் கடந்து வரும் ஒவ்வொரு சேவையகமும் 'ரிசீவ்ட்' என்றொரு வரியை மேலே சேர்க்கும். பெயருக்கு ஒரு மதிப்பு என்று அகராதி போலச் சேமிக்கிற நிரலில் அவற்றில் ஒன்றுதான் மிஞ்சும். கடிதம் வந்த வழிக்கான சாட்சி போச்சு. பேஸ்64 வரிகளை வேறு நீளத்தில் மடித்தாலே போதும், டி.கே.ஐ.எம் கையொப்பமும் செல்லாமல் போகும்.

"பாவனையாளர் உதையெல்லாம் எங்க பார்க்கப் போறார்?" எண்டு கேட்கிற நிரலாளர்களுக்கு நாங்கள் சொல்லுறது: உது எளிமை இல்லை, சோம்பல். பைத்தன் 2009இலேயே, 3.1 பதிப்பில், சரோகேட்எஸ்கேப் என்ற வழியைத் தந்தது. விளங்காத பைட்டை அழிக்காமல் தனி அடையாளத்தோடு பொதிந்து வைத்து, திருப்பி எழுதும்போது அதே பைட்டாக விடும். 3.2இல் அதன் மின்னஞ்சல் தொகுதியும் இதைக் கையில் எடுத்தது. ஆக, ஏலாத காரியம் இல்லை.

மூலக் கடிதத்தை ஒரு பைட்டும் மாறாமல் வைத்திருங்கோ. ஒருவர் விடயவரியை மாற்றினால் அந்த வரியை மட்டும் புதிதாய் எழுதுங்கோ. மற்றதெல்லாம் வந்தபடியே போகட்டும். சோதனையும் லேசு: வாசி, ஒன்றையும் மாற்றாமல் திருப்பி எழுது, இரண்டு கோப்பையும் பைட் பைட்டாக ஒப்பிடு. ஆங்கிலக் கடிதங்களை மட்டும் குடுத்துப்போட்டு 'பாஸ்' எண்டு சொல்லாமல், பெயர் சொல்லாத திஸ்கிக் கடிதம் ஒண்டையும் அதுக்குள்ள போடுங்கோ.

வாசிக்கிற உங்களிட்டையும் ஒரு வேலை இருக்கு. அப்பாவின்ரயோ மாமாவின்ரயோ பழைய அஞ்சல்பெட்டி ஏதாவது கணினிக்குள் கிடந்தால், புது மென்பொருளுக்கு ஏற்றுவதற்கு முன் அந்த மூலக் கோப்பை அப்படியே பிரதி எடுத்து வையுங்கோ.