நல்ல பெயரும் வாகனத்தின் பெறுமதியும்

இந்த நாட்டில் எம்மில் பலர் முதலில் வாங்கியது பழைய கொரோலா அல்லது கம்ரிதான். "ரொயோட்டா என்றால் கைவிடாது, விற்றாலும் காசு" என்பது எமது கணக்கு. 1963இல் மெல்பேர்னில் தொடங்கிய அதன் உற்பத்தி 2017இல் அல்ரோனா தொழிற்சாலையோடு முடிந்தது. ஆயினும் விற்பனையில் 2003 முதல் அதுவே முதலிடம்.

ஆனால், 2015 ஒக்ரோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற ஏறத்தாழ 264,000 டீசல் ஹைலக்ஸ், பிராடோ, போர்ச்சுனர் வாகனங்களின் புகை வடிகட்டியில் குறை இருந்தது. வாங்கியவர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். அவற்றின் பெறுமதி 17.5 வீதம் குறைந்ததாக 2022இல் பெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 மேன்முறையீட்டில் அது 10 வீதமானது. 2024 நவம்பரில் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் இழப்பை மீண்டும் கணிக்கச் சொன்னது.

நல்ல பெயர் முழுப் பிராண்டுக்கும் உரியது; பெறுமதியோ ஒவ்வொரு வாகனத்துக்கும் தனிக்கணக்கு. வீடு வாங்கும்வரை எமது பெரிய சொத்து வாகனமே. எனவே பழைய டீசல் வாகனம் வாங்குமுன் வடிகட்டி திருத்தப்பட்டதா என்று சேர்விஸ் பதிவேட்டில் பாருங்கள். வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே சாட்சி. கடதாசி எதுவுமின்றி வந்திறங்கிய எமக்கு அதன் அருமை தெரியாததல்ல.