கழற்றிய படமும் கட்டிய மாலையும்

ரங்கூனின் நடுவில் இருக்கிறது கியாக்டடா. சூலே பகோடாவும் மாநகர மண்டபமும் அங்கேதான். 1988 ஆகஸ்ட் 8 இரவு அந்த மண்டபத்தின் முன் திரண்டிருந்த மாணவர்களையும் மக்களையும் இராணுவம் சுட்டது. படிப்புப் பாதியில் செத்த அந்தப் பிள்ளைகளின் பெயரை எந்தப் பட்டமளிப்பு மேடையிலும் நாங்கள் கேட்டதில்லை.

ஒக்ஸ்போர்ட் 1993இல், வீட்டுக்காவலில் இருந்த ஆங் சான் சூகிக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. 2012இல்தான் அவர் நேரில் போய் வாங்கினார். அதை நாங்கள் பிழை சொல்லவில்லை. ஆனால் 2017இல் ஏழு இலட்சம் ரோஹிங்கியர் வங்கதேசத்துக்கு ஓடியபோது அவர் இராணுவத்தைக் கண்டிக்கவில்லை. அவர் படித்த கல்லூரி வாசலில் இருந்த அவரது படத்தைக் கழற்றியது. ஏனென்று கேட்டால், புது ஓவியம் ஒன்று வந்திருக்கிறதாம்! நேர்மைக்கு மரியாதை செய்தவர்களுக்குக் காரணத்தை நேர்மையாகச் சொல்ல வாய் வரவில்லை.

இதைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு என்ன யோக்கியதை? 1989 செப்டம்பர் 21இல் யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் துப்பாக்கிகளையும் கேள்வி கேட்டவர் அவர். எங்களில் எத்தனை பேர் அன்று வாய் திறந்தோம்? உயிரோடு இருக்கையில் தனியே விட்டுவிட்டு, செத்தபின் படத்துக்கு மாலை கட்டினோம்.

நாங்களும் படிப்பைப் பாதியில் விட்டு வந்து ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவர்கள்தான். எங்களுக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரமில்லை. ஆனால் உண்மை பேசுகிறவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பக்கத்தில் போய் நிற்கலாம். அதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் வேண்டாம்.