பெட்டிக்குள் ஓர் உயில்

உயில் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். "நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பேச்சு எதற்கு?" என்பார்கள். அதையும் மீறி எழுதும் சிலரோ, எழுதியதைத் திருட்டுப் பொருள்போல் ஒளித்து வைக்கிறார்கள். எழுதாதவர்களை மன்னித்துவிடலாம். எழுதி ஒளிப்பவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் இருக்கிறது.

ஒடுகத்தூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் பழைய தலைமுறை. மனைவி இளவயதிலேயே போய்விட, விதவையான தங்கைதான் வீட்டோடு வந்து அவருடைய இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினாள். பிள்ளைகள் ஆம்பூர்த் தோல் கம்பெனிகளில் வேலைக்கு அமர்ந்து, அங்கேயே குடித்தனமும் வைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் பெரியவர் என்னை அழைத்தார். தாம் சம்பாதித்துக் கட்டிய வீடு தமக்குப் பின் தங்கைக்கே என்று உயில் எழுதியிருந்தார். நானும் இன்னொருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். "பசங்களுக்குத் தெரிய வேணாம் ஐயா" என்று காகிதத்தை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார். நானும் தலையாட்டினேன்.

பெரியவர் காலமானார். காரியமெல்லாம் முடிந்தபின் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். பழைய ரசீதுகள் இருந்தன, வீட்டுப் பத்திரம் இருந்தது, உயில் இல்லை. யாராவது எடுத்தார்களா, அவரே இடம் மாற்றி வைத்தாரா, தெய்வத்துக்குத்தான் தெரியும்.

அந்த அம்மாள் என்னிடம் வந்தாள். "அண்ணன் எழுதினது நெசந்தானே ஐயா? நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களே!"

நிஜந்தான். அந்த நிஜத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிள்ளைகள் இருக்கையில், உயிலில்லாமல் இறந்த அண்ணனின் சொத்தில் தங்கைக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படி. வழக்குப் போட்டால், "எழுதியவர் கையிலிருந்த காகிதம் காணோமென்றால், மனம் மாறி அவரே கிழித்திருப்பார்" என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். கிழித்து ரத்துச் செய்யும் உரிமை அவருக்கு உண்டே! நகலோ இல்லை. அந்த அம்மாள் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஒரு துணிமூட்டையோடு வீட்டைவிட்டுப் போனாள்.

"வெளியே தெரிந்தால் பிள்ளைகள் சும்மா விடுவார்களா?" என்று கேட்கிறீர்கள். இந்தப் பயத்துக்கு 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். எழுதியவர் இறந்தபின், யாராவது விண்ணப்பித்தால் அதைப் பிரிப்பார். உறை வேண்டாம், பதிவே செய்கிறேன் என்றாலும் சரி. உயிரோடிருக்கும்வரை உங்களுக்கோ உங்கள் ஏஜெண்டுக்கோ தவிர வேறு எவருக்கும் நகல் தரமாட்டார்கள். முத்திரைத் தீர்வையும் கிடையாது. ஒடுகத்தூரிலிருந்து வேலூருக்கு ஒரு பஸ் பயணம்; அவ்வளவுதான். ஆனால் உறை அங்கே இருப்பது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் அதுவும் இன்னொரு டிரங்குப் பெட்டிதான்.

கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? பச்சையப்ப முதலியாரைப் பாருங்கள். கோயில் தர்மங்களுக்கு உயில் எழுதிவிட்டு 1794-இல் கண்மூடினார். உயில் இருந்தும் பணம் உரிய வழியில் போகாமல் வழக்கில் சிக்கியது. கோர்ட் தலையிட்டு, சேர்ந்துபோயிருந்த உபரியிலிருந்து சென்னையில் பள்ளிக்கூடம் திறந்தபோது ஆண்டு 1842. அவ்வளவு பெரிய துபாஷியின் உயிலுக்கே அந்தக் கதி என்றால், ஆட்டுத் தரகரின் உயில் எம்மாத்திரம்?

ஆகவே, நிறைவேற்ற வேண்டியவர் இன்னார் என்று உயிலிலேயே எழுதுங்கள். அவரிடம் அதைச் சொல்லவும் சொல்லுங்கள். உங்களைவிட வயதில் இளையவர்களைச் சாட்சிகளாக வையுங்கள். நாளைக்குக் கூண்டில் ஏறிச் சொல்ல அவர்கள் இருக்கவேண்டும்.

துண்டுக்கடியில் பேசும் ரகசியம் சந்தைக்குச் சரி. அங்கே பேசிய இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். உயில் பேசும்போது ஒருவர் இல்லையே!

கையெழுத்துப் போட்ட அன்றே, "இதை எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. நீங்களாவது கேளுங்கள்.