அத்தா உறங்கும் வீடு

 

எங்கள் மக்தபில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். முதலில் அதைக் கேட்டுச் சிரித்தவனும், பிறகு அன்றிரவு உறக்கம் வராமல் புரண்டவனும் நானே.

அஸர் தொழுகைக்குப் பின் கூடும் சின்னஞ்சிறார் வகுப்பு அது. அன்று பாடம் சீக்கிரமே முடிந்துவிட்டது. மீதி நேரத்தைப் போக்க, "உங்கள் அத்தா என்ன வேலை பார்க்கிறார்?" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டு வந்தேன். எங்கள் நெய்வேலி நகரியத்தில் பல ஊர்க்காரர்களும் கலந்து வாழ்கிறோம். ஒரு பிள்ளைக்கு அத்தாவாக இருப்பவர் அடுத்த பிள்ளைக்கு வாப்பா. மூன்றாவது பிள்ளைக்கு அப்பா. ஒருவன், "சுரங்கத்தில் வண்டி ஓட்டுகிறார்" என்றான். ஒருத்தி, "கடை வைத்திருக்கிறார்" என்றாள். கடைசி வரிசையிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, "எங்க அத்தா தூங்குவாங்க ஹஜ்ரத்" என்றாள்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. தான் சொன்னதில் என்ன பிழை என்று விளங்காமல் எல்லோரையும் சுற்றிப் பார்த்தது. "நிஜமாத்தான் ஹஜ்ரத். சத்தம் போடாதே, அத்தா தூங்குறாங்கன்னு அம்மா தினமும் சொல்லுவாங்க" என்றது.

அவளுடைய தந்தையை நான் நன்கு அறிவேன். சுரங்கத்தில் ஷிப்ட் முறையில் பணிபுரியும் உழைப்பாளி. ஜும்ஆவில் முன்வரிசையில் காணக்கூடியவர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், நகைச்சுவையாகவே இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அவள் சொன்னதில் பொய் இல்லையே ஹஜ்ரத்" என்றார். "ராத்திரி ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது அவள் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருப்பாள். மத்தியான ஷிப்ட் என்றால், அவள் திரும்பி வரும் முன்னே நான் போய்விடுவேன். நான் வரும்போது அவள் உறங்கியிருப்பாள். காலை ஷிப்ட் வருகிற நாட்களில்தான் இருவரும் விழித்திருக்கும் நேரம் ஒன்று கிடைக்கும். அப்போதும் களைப்பில் கண்ணை இழுக்கும். என் பிள்ளை என்னைப் பார்த்ததைவிட என் போர்வையைப் பார்த்ததுதான் அதிகம்."

இந்தச் சொல்தான் என் உறக்கத்தைக் கெடுத்தது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தமது நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ மேலே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் இங்கு பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கிற்று. 1962-இல் முதல் அனல்மின் அலகு மின்சாரம் தந்தது. சோவியத் நாட்டின் உதவியோடு அமைந்த அந்த முதல் மின்நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. வேறு மின்நிலையங்கள் அந்தப் பணியைத் தொடர்கின்றன. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வூருக்கு இரவு என்ற ஒன்று முழுமையாக வந்ததில்லை. தமிழகத்தின் விளக்குகள் எரிய, இங்கே எத்தனையோ தந்தையர் பகலில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு உறங்குகிறார்கள்.

அந்த உறக்கத்தை நான் குறை கூறவில்லை. பகல் உறக்கம் இரவு உறக்கத்தைப் போல் நீண்டதோ ஆழ்ந்ததோ அன்று. ராட்சத இயந்திரங்களின் நடுவே கண் விழித்து நிற்கவேண்டியவருக்கு அந்த ஓய்வு உயிர்க்காப்பு. அதைக் காத்துக் கொடுக்கும் மனைவி நன்மையே செய்கிறார்.

ஆனால் அதை எதைக் கொண்டு காக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இரண்டு அறைகள் கொண்ட குவார்ட்டர்ஸ் வீட்டில் துள்ளித் திரியும் பிள்ளையை ஓசையின்றி உட்கார வைப்பது எப்படி? இன்று எல்லா வீடுகளிலும் ஒரே வழிதான். கையில் செல்போனைக் கொடுத்துவிடுகிறோம். வீடு அடங்கிவிடுகிறது. பிள்ளையும் அடங்கிவிடுகிறது. 2019-இல் உலக சுகாதார அமைப்பு இதுபற்றி ஓர் அறிவுரை வெளியிட்டது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதனினும் குறைந்தால் இன்னும் நல்லது என்பதே அதன் சாரம். நம் வீடுகளில் ஒரு ஷிப்ட் உறக்கம் முழுவதும் அந்தத் திரை ஓடிக்கொண்டிருக்கிறதே!

நான் அந்தச் சகோதரரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "உங்கள் வேலை இன்னதென்று அவளுக்கு ஒருநாளாவது காட்டியிருக்கிறீர்களா பாய்?"

"சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும் ஹஜ்ரத்?" என்றார்.

அடுத்த வார விடுமுறை நாளில் ஏதோ வேலையாக அவர் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். கொல்லையில், பலா மரத்தடியில், தந்தையும் மகளும் முழங்கால் மண்ணோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் வந்ததைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.

பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றின் விளிம்பைச் சுற்றிக் கொட்டாங்கச்சிகளைக் கட்டியிருந்தார். மணலைக் குவித்து, அதனடியில் அடுப்புக்கரியைப் பரப்பியிருந்தார். சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற, ஒவ்வொரு கொட்டாங்கச்சியும் மணலை அள்ளி அப்பால் கொட்டியது. "நம்ம சுரங்கத்து இயந்திரமும் இப்படித்தாம்மா. அதில் பெரிய வாளி ஒன்று 1400 லிட்டர் பிடிக்கும். நம்ம வீட்டுத் தண்ணீர்க்குடம் நூறு சேர்ந்தாற்போல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழைய தாவணித் துணியின் இரு முனைகளையும் இருவரும் பிடித்து இழுக்க, அதுவே கன்வேயர் பெல்ட் ஆயிற்று. கரித்துண்டுகள் அதன்மேல் ஊர்ந்து, கவிழ்த்து வைத்த ஒரு டப்பாவாகிய மின்நிலையத்தைச் சென்றடைந்தன. அங்கிருந்து ஒரு நூல் கயிறு வீட்டு மின்விசிறிவரை போயிற்று!

அதன்பின் அவர் செய்ததுதான் என்னை நிற்க வைத்தது. தண்ணீர் நிரப்பிக் கட்டிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கரிக்கு அடியில் முன்பே புதைத்து வைத்திருந்தார். மேலிருந்த மணலை வாரிய பிறகு பக்கவாட்டில் கை கொடுத்து அமுக்க, பை புடைத்துக்கொண்டு மேலே எழுந்தது. கரியெல்லாம் சரிந்தது.

"ஐயோ, என்ன அத்தா இது?" என்று பிள்ளை துள்ளியது.

"நிலக்கரிக்கு அடியிலே தண்ணீர் இருக்கும்மா. கீழேயிருந்து முட்டிக்கொண்டே இருக்கும். மேலே இருக்கிற மண்ணை எடுத்துவிட்டால் அது பொங்கி, சுரங்கத்தின் அடித்தரையையே பெயர்த்துவிடும். அதனால் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். பகலும் இறைக்கவேண்டும், ராத்திரியும் இறைக்கவேண்டும்."

"ராத்திரி எல்லாரும் தூங்கிட்டா?"

"தூங்கக் கூடாதென்றுதான் அத்தா முழிச்சிருக்கேன்."

பிள்ளை நெடுநேரம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து வந்து, மண் ஒட்டிய கையால் தகப்பனின் கண்ணிமையைத் தொட்டுப் பார்த்தது. நான் சந்தடியின்றித் திரும்பிவிட்டேன்.

அன்பர்களே! அந்த விளையாட்டுக்கு ஆன செலவு ஒன்றுமில்லை. நேரம் ஒரு மணிக்கும் குறைவு. இதனால் அவ்வீட்டுச் சிக்கல் யாவும் தீர்ந்துவிட்டதென்று நான் சொல்லவரவில்லை. அடுத்த வாரமே அவள் பாத்திரத்தைத் தட்டி அவரை எழுப்பியதாகவும், அவர் அதட்டியதாகவும் கேள்விப்பட்டேன். ஆயினும் அதட்டலுக்குப் பின் அவள் அழவில்லையாம். "ராத்திரி தண்ணி நிறைய வந்துச்சா அத்தா?" என்று கேட்டாளாம். போர்வைக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பிறருக்குப் புத்திமதி கூறுபவன் தன் வீட்டை மறைப்பது நேர்மையன்று. எனக்கு ஷிப்ட் இல்லை. எந்நாளும் மாலையில் வீட்டில் இருப்பவன். அதே வாரத்தில் ஓரிரவு, மக்தப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். என் ஏழு வயது மகன் உள்ளங்கையில் நான்கு பலாக்கொட்டைகளை வைத்துக்கொண்டு வந்தான். "இதை நட்டால் எத்தனை நாளில் முளைக்கும் அத்தா?" என்றான். தலை நிமிராமல், "பிறகு வா" என்றேன். அவன் போய்விட்டான். அன்றிரவு திரும்பி வரவேயில்லை. மறுநாள் காலையில் அக்கொட்டைகள் சமையற்கட்டு ஜன்னலில் கிடந்தன. ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் நான், என் பிள்ளைக்கு "பிறகு" என்ற ஒரு சொல்லைத்தான் கற்பித்திருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது. அன்று மாலை இருவருமாக அவற்றை நட்டோம். இரண்டு முளைத்தன.

அண்ணல் நபி (ஸல்) அவர்களைவிடப் பொறுப்புகள் மிகுந்தவர் நம்மில் யார்? அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுதார்கள். ஸஜ்தாவுக்குச் செல்கையில் இறக்கிவைத்து, எழுகையில் மீண்டும் தூக்கிக்கொண்டார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி, சிறு பாலகர் அபூ உமைர், ஒரு சிட்டுக்குருவி போன்ற பறவையை வைத்து விளையாடி வந்தார். அந்தப் பறவை என்னவாயிற்று என்று அண்ணலார் அவரிடம் அன்போடு விசாரித்தார்கள். ஒரு குழந்தையின் குருவியும் அவர்களுடைய கவனத்திற்கு உரியதாயிருந்தது.

ஆகவே சில எளிய பழக்கங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, வீட்டு நாட்காட்டியில் அத்தாவின் ஷிப்டைப் பிள்ளையே குறிக்கட்டும். காலைக்குச் சூரியன், மத்தியானத்துக்குக் குடை, இரவுக்குப் பிறை என்று படம் போடட்டும். எந்த நாளில் அத்தா தனக்குக் கிடைப்பார் என்பதை அறிந்த பிள்ளை காத்திருக்கக் கற்றுக்கொள்ளும். அந்நாளை மட்டும் தந்தையர் தவறவிடக் கூடாது.

இரண்டாவது, உறக்க நேரத்திற்கென்று ஓசையில்லா வேலைகளைத் தாய் எடுத்து வைக்கலாம். துவைத்த துணிகளில் காலுறைகளைச் சோடி சேர்ப்பது, பட்டாணி உரிப்பது, முந்திரிக்கொட்டைகளைப் பத்துப் பத்தாக எண்ணி வைப்பது, செடிக்குக் குவளையால் நீர் ஊற்றுவது போன்றவை. பிள்ளைக்கு இவை விளையாட்டு, வீட்டுக்கு உதவி. பிள்ளை செய்வதால் வேலை தாமதமாகும், கொஞ்சம் சிந்தும். அதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தவர் வரும்போது, நிலவரத்தைச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தானே போகிறோம்? வீட்டிலும் அப்படியே செய்யலாம். பிள்ளை இன்று எதற்கு அழுதது, எதைக் கேட்டது, எதைச் சாப்பிட மறுத்தது என்று கணவனும் மனைவியும் இரண்டு நிமிடம் பேசிக்கொள்ளட்டும். விழித்தெழும் தந்தை, "உன் பல் ஆடுதாமே?" என்று கேட்டால் பிள்ளையின் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

நான்காவது, தாய்மார்களைப் பற்றியது. மூன்று ஷிப்டையும் ஒரே ஆளாகப் பார்ப்பவர் அவரே. அவருக்கு வார விடுமுறையும் இல்லை. ஆண்கள் விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் பிள்ளையைத் தம் பொறுப்பில் வெளியே அழைத்துச் செல்லட்டும். எங்கள் நகரியத்தில் நிழல் விரிந்த சாலைகளுக்குப் பஞ்சமில்லை. உங்கள் ஊரில் ஒரு குளக்கரையோ கடைத்தெருவோ இல்லாமலா போகும்?

நெய்வேலிக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. வளைகுடாவில் உழைக்கும் தந்தை, விடிகாலையில் மீன் ஏலத்துக்குப் போகும் தந்தை, இரவில் லாரி ஓட்டும் தந்தை என எல்லா வீடுகளிலும் ஒரு போர்வையோ ஒரு வெறும் நாற்காலியோ உண்டு. அவர் எதற்காக அங்கே இல்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுவோம். அது பிள்ளையின் உரிமை.

"உன் அத்தா என்ன செய்கிறார்?" என்று நாளை யாரேனும் உங்கள் பிள்ளையைக் கேட்டால், அது என்ன விடை சொல்லும்? இந்த இதழை மூடி வைத்துவிட்டு, பிள்ளை விழித்திருந்தால், இன்றே கேட்டுப் பாருங்கள்.

நம் பிள்ளைகளை நம் கண்களுக்குக் குளிர்ச்சியாகவும், நம்மை அவர்களுக்கு நிழலாகவும் ஆக்கிவைக்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.