வேலியை எடுக்குமுன்

"ரோபோ" என்னும் சொல் இன்று உலகமெங்கும் வழங்குகிறது. அது பிறந்த கதையை அறிந்தவர் சிலரே. செக் நாட்டு ஆசிரியரான காரெல் சாப்பெக் 1920-ம் வருஷத்தில் எழுதிய நாடகமொன்றில் அது முதன் முதலாகத் தோன்றியது. செக் பாஷையில் "ரொபோட்டா" என்பது கட்டாய உழைப்பைக் குறிக்கும். நிலப்பிரபுவுக்காகக் குடியானவன் கூலியின்றிச் செய்த வேலை அது. நம் நாட்டில் அமஞ்சி என்றும் வெட்டி என்றும் வழங்கிய கொடுமைக்கும் அதற்கும் பேதமில்லை. இவ்வாறு பெயரிலேயே அடிமைத்தனத்தைச் சுமந்து வந்த யந்திரத்திற்கு இப்பொழுது புதிய நாமகரணம் நடந்திருக்கிறது. அது "கோபாட்" ஆம். அதாவது மனிதனோடு தோளுரசி வேலை செய்யும் கூட்டாளி யந்திரமாம். அடிமை கூட்டாளியாகிவிட்டபடியால் இனி அவனைக் கூண்டில் அடைக்க வேண்டியதில்லை, வேலியை எடுத்துவிடலாம் என்று விற்பனையாளர்கள் கூறுகிறார்கள். தொழிற்சாலை வைத்திருப்போரும், பண்டகசாலை நடத்துவோரும், அவற்றில் உழைப்போரும் இந்தக் கூற்றை நிதானமாக விசாரிக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

முதலில் வேலி ஏன் வந்தது என்பதை நினைவு கூர்வோம். 1961-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையொன்றில் "யூனிமேட்" என்னும் முதல் யந்திரக் கை வேலைக்கு அமர்ந்தது. கொதிக்கும் வார்ப்படங்களை எடுத்து வைப்பது அதன் பணி. அதற்குப் பலம் உண்டு, கண் இல்லை. இட்ட வேலையைத் தெரியும், எதிரே நிற்பவனைத் தெரியாது. 1979 ஜனவரியில் மிச்சிகன் மாகாணத்து வார்ப்பட ஆலையொன்றில் அடுக்கின்மீதேறிய ஒரு தொழிலாளியை யந்திரக் கை அடித்துக் கொன்றது. 1983-ல் ஜூரிகள் அவன் குடும்பத்துக்கு 1 கோடி டாலர் நஷ்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தனர். யந்திரத்தைச் சுற்றி நின்ற கம்பி வேலி வெறும் சம்பிரதாயமன்று. உயிர்ச்சேதத்தின்மீது எழுப்பப்பட்டது அது.

இந்த வேலியை அகற்றும் ஆசையிலிருந்துதான் கூட்டாளி யந்திரம் பிறந்தது. 1996-ல் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையைச் சேர்ந்த கோல்கேட், பெஷ்கின் என்ற இரு பேராசிரியர்கள் அதனை வகுத்தார்கள். இதில் ஒரு விநோதம் உண்டு. அவர்கள் செய்த முதல் யந்திரத்திற்குத் தானாக நகரும் சக்தியே கிடையாது. மனிதன் தள்ள, அது வழி மட்டும் காட்டும். பலம் மனிதனுடையது, நெறி யந்திரத்தினுடையது என்பதே ஆதிக் கொள்கை. பின்னர் டென்மார்க்கின் ஓடென்ஸே நகரில் 2005-ல் தோன்றிய யூனிவர்ஸல் ரோபோட்ஸ் கம்பெனி, தானே இயங்கும் இலகுவான கையைச் செய்து 2008-ல் விற்கத் தொடங்கியது. பெயர் நிலைத்தது, கொள்கை மாறிவிட்டது. இன்று அங்காடியில் கோபாட் என்று விற்கப்படுபவை யாவும் சொந்த மோட்டாரும் சொந்த வேகமும் உடையவை என்பதை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

இது தூர தேசத்து விவகாரமன்று. 2023-ம் வருஷத்தில் உலகத் தொழிற்சாலைகளில் புதிதாக நிறுவப்பட்ட ரோபோக்கள் 5,41,302 என்றும், அவற்றில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவை கூட்டாளி ரகம் என்றும் சர்வதேச ரோபோ சம்மேளனம் கணக்கிட்டது. அதே வருஷத்தில் இந்தியாவில் நிறுவப்பட்டவை 8,510. முந்தைய வருஷத்தைவிட இது 59 சதவிகிதம் அதிகம். புனேக்கு அருகிலுள்ள சாக்கனில் பஜாஜ் ஆட்டோ தொழிற்சாலை 2010 முதலே டென்மார்க் கைகளை நிறுத்தி, பின்னர் நூற்றுக்கும் மேல் பெருக்கியது. சிறிய இடத்தில் அடங்குவது, எடை குறைவு, மின்சாரச் செலவு சொற்பம், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுவது எளிது ஆகிய அனுகூலங்கள் உண்மையானவை. அவற்றை நாம் மறுக்கவில்லை. நாள் முழுவதும் ஒரே திருகாணியை முடுக்கி மணிக்கட்டு தேய்ந்த தொழிலாளிக்கு யந்திரம் விடுதலை அளிக்குமாயின் அதை வரவேற்காதவர் யார்?

ஆனால் பாதுகாப்பு என்னும் விஷயத்தில் பெயரை நம்பி ஏமாறலாகாது. இதனைச் சொல்வது நாம் மட்டுமல்ல. சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் 2016-ல் வெளியிட்ட 15066 என்ற எண்ணுள்ள ஏற்பாட்டில், மனித தேகத்தின் எந்தெந்த உறுப்பு எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று அட்டவணை வகுத்தது. யந்திரத்துக்கும் கெட்டிப் பொருளுக்குமிடையே கை சிக்கினால் 140 நியூட்டன், வயிறானால் 110 நியூட்டன், முகமானால் 65 நியூட்டன் என்பன அதன் எல்லைகள். 10 நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோ எடையின் அழுத்தம் என்று கொண்டால் இதன் பொருள் விளங்கும். 2025-ல் அந்த ஸ்தாபனம் ரோபோக்களைப் பற்றிய 10218-ம் எண் விதிகளைப் புதுப்பித்தபோது, இந்த ஏற்பாட்டை அவற்றுள் சேர்த்துக்கொண்டதுடன், "கூட்டாளி ரோபோ" என்ற பெயரையே கைவிட்டுவிட்டது. கூட்டு என்பது யந்திரத்தின் குணமன்று, அதனைக் கொண்டு செய்யும் வேலையின் குணமே என்பதுதான் அதன் கருத்து. விற்பனையாளர் பலகையில் எழுதி வைத்திருக்கும் பெயரை, விதி வகுத்தவர்களே ஏற்கவில்லை!

இதன் நியாயம் எளிது. மிருதுவான கை ஒன்று இருக்கிறது. மனிதன்மேல் பட்டால் நின்றுவிடும். அதன் நுனியில் கூரிய தகட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? கை சாது, தகடு சாதுவல்ல. குறைந்த அழுத்தத்திலேயே அது தோலைக் கிழிக்கும். மேலும் யந்திரத்தின் வேகம் இரு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். ஆகவே வேலியில்லாமல் நிற்கும் கை மெதுவாகவே அசைய வேண்டும். வேகமும் வேண்டும், வேலியும் வேண்டாம் என்பவர், மனிதன் அருகே வரும்போது தானாக வேகத்தைத் தணித்து நிறுத்தும் உணர் கருவிகளையும் வாங்க வேண்டும். அப்பொழுது விலை ஏறும், இடமும் பெருகும். எதையும் விட்டுக்கொடுக்காமல் எல்லாவற்றையும் பெறலாம் என்று சொல்பவன் சரக்கை விற்கிறானேயன்றி உண்மையைச் சொல்லவில்லை.

ஆதலால் தேர்வு செய்ய விரும்புவோர் யந்திரத்தின் விலைப்பட்டியலிலிருந்து தொடங்காமல் வேலையிலிருந்து தொடங்க வேண்டும். தூக்க வேண்டிய பொருளின் எடை என்ன? 5 கிலோ தூக்கும் என்று விற்கப்படும் கைக்கு 1½ கிலோ எடையுள்ள பிடிப்பானை மாட்டினால் மிஞ்சுவது 3½ கிலோவே. பொருளின் பாரம் மணிக்கட்டிலிருந்து விலகி நின்றால் அதுவும் குறையும். எட்ட வேண்டிய தூரம் எவ்வளவு? நிமிஷத்துக்கு எத்தனை உருப்படி? அந்தக் கணக்கை வேலியற்ற மெதுவான வேகத்தில் போட்டுப் பார்த்தார்களா, அல்லது பட்டியலில் கண்ட உச்ச வேகத்திலா? மனிதன் அந்த இடத்துக்கு உண்மையில் எத்தனை தரம் வர வேண்டியிருக்கிறது? நாளுக்கு இரண்டு முறை மட்டுமே வருவானாகில், வேலியிட்ட சாதாரண ரோபோ மலிவாகவும் வேகமாகவும் அதே வேலையை முடிக்கும். சில இடங்களில் ஒரு சரிவுத் தகடும் ஒரு நல்ல பிடியும் போதும், ரோபோவே வேண்டாம். இவ்வளவையும் விசாரித்த பின்னரும் கூட்டாளி யந்திரமே ஏற்றது என்று தோன்றினால், அப்பொழுது வாங்குவது விவேகம்.

பண்டகசாலைகளின் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 2012-ல் அமேஸான் கம்பெனி 77½ கோடி டாலருக்குக் கீவா என்ற ஸ்தாபனத்தை வாங்கியது. அந்த வண்டி ரோபோக்கள் மனிதர் நடமாடாத, தனியே அடைத்த தளத்தில்தான் ஓடின. மனிதர் மத்தியிலேயே உலவக்கூடிய வண்டியை அக்கம்பெனி பிரகடனப்படுத்தியது பத்து வருஷம் கழித்து, 2022-ல். அவ்வளவு பணமும் அறிவும் படைத்தவர்களே அவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. 2023 நவம்பரில் தென் கொரியாவில் விளைபொருள் மையமொன்றில் நிகழ்ந்ததோ நெஞ்சைக் கலக்குவது. மிளகாய்ப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் யந்திரம், தன்னைப் பரிசோதிக்க வந்த ஊழியரையே பெட்டியென்று பற்றி நசுக்கிவிட்டது. அது கூட்டாளி ரகமன்று, சாதாரண ரோபோதான் என்று சிலர் சமாதானம் கூறலாம். அந்தச் சமாதானம் நம் வாதத்தையே வலுப்படுத்துகிறது. பெட்டி தூக்கும் பலமுள்ள எந்த யந்திரத்தையும் மனிதனுக்கருகே வைப்பவன், அது எந்த ரகமென்று மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. அந்த இடத்தில், அந்த வேலையில், அது என்ன செய்யும் என்று சோதித்தறிய வேண்டும்.

வாங்கிய யந்திரத்தின் ஆயுளும் யோசனைக்குரியது. பாஸ்டனில் பிரபல விஞ்ஞானி ராட்னி ப்ரூக்ஸ் 2008-ல் தொடங்கிய ஸ்தாபனம் 2012-ல் "பாக்ஸ்டர்" என்ற இரட்டைக் கை யந்திரத்தை வெளியிட்டது. திரையில் கண்களை உருட்டி மனிதரை நோக்கும் அந்த யந்திரத்தைப் பத்திரிகைகள் கொண்டாடின. மூட்டுகளில் வைத்த வில் அமைப்பு மோதலை மென்மையாக்கியது. ஆனால் அதனாலேயே துல்லியம் குறைந்தது. 2018 அக்டோபரில் அந்த ஸ்தாபனம் மூடப்பட்டது. யந்திரத்தை வாங்குவோர் அதனுடன் உதிரி பாகம், பழுது பார்ப்போன், பயிற்சி ஆகியவற்றையும் வாங்குகிறார்கள். இவை கடல் கடந்து வர வேண்டியவையா, பக்கத்து ஊரில் கிடைப்பவையா என்று கேட்காமல் பணம் கொடுப்பவர், வருஷக்கணக்கில் பிறர் தயவில் நிற்க நேரிடும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ம் பிரிவு, அபாயகரமான யந்திர பாகங்களுக்கு உறுதியான வேலி இட வேண்டுமென்று விதித்தது. அதற்கு ஒரு விலக்கும் அளித்தது. வேலியிட்டால் தொழிலாளிக்கு எவ்வளவு பத்திரமோ அவ்வளவு பத்திரம் யந்திரத்தின் அமைப்பிலேயே இருந்தால் வேலி தேவையில்லை என்பதே அது. கூட்டாளி யந்திரம் கனவிலும் தோன்றாத காலத்தில் எழுதிய இந்த உரைகல், இன்றைய வழக்குக்கென்றே வார்த்தது போல் இருக்கிறது! வேலியை எடுப்பவன்தான் பத்திரத்தை நிரூபிக்க வேண்டும். அடிபட்டவன் அபாயத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தின் ஸ்தானத்தில் 2020-ல் இயற்றிய தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. மின்சக்தியைக் கொண்டு நடக்கும் இடம் "தொழிற்சாலை" எனப்படுவதற்குப் பழைய சட்டத்தில் 10 பேர் போதும். புதியதில் 20 பேர் வேண்டும். கூட்டாளி யந்திரத்தை விற்பவர்களோ சிறு பட்டறைகளின் வாசலைத்தான் குறிப்பாகத் தட்டுகிறார்கள். சட்டத்தின் நிழல் சுருங்கிய இடத்தில் யந்திரத்தின் நிழல் விரிகிறது. அங்கே முதலாளியின் மனச்சாட்சியும் தொழிலாளியின் விழிப்புமே வேலி.

"இவ்வளவு நிபந்தனை விதித்தால் சிறு தொழிலதிபர் யந்திரமே வாங்க முடியாதே" என்று ஆக்ஷேபிப்போர் உண்டு. ஆழ்ந்து நோக்கினால் இந்த ஆக்ஷேபம் நிற்காது. வேலையை அளந்து, மோதலின் அழுத்தத்தைக் கருவி வைத்துச் சோதித்து, ஆபத்துகளை எழுத்தில் பதிவு செய்வதற்கு ஆகும் செலவு, ஒரு கை நசுங்கினால் ஆகும் செலவில் சிறு பங்குமாகாது. தவிர, பொருந்தாத யந்திரத்தை வாங்கி மூலையில் போர்த்தி வைக்கும் நஷ்டத்திலிருந்து அதே சோதனைதான் முதலாளியைக் காப்பாற்றுகிறது.

இந்தச் சோதனையில் முக்கிய சாட்சி தொழிலாளி. எந்த உருப்படி வழுக்கும், எங்கே குனிய நேரும், அவசரத்தில் எவன் எந்தப் பக்கம் கை நீட்டுவான் என்பது பொறியாளர் மேஜையிலுள்ள படத்தில் இல்லை. பதினைந்து வருஷமாக அந்த இடத்தில் நின்றவன் அனுபவத்தில் இருக்கிறது. அவனைக் கேளாமல் யந்திரத்தை நிறுத்திவிட்டு, அதை அவனுடைய கூட்டாளி என்று அழைப்பது பரிகாசமாகும். யந்திரத்தால் மிச்சமாகும் நேரத்திலும் லாபத்திலும் அவனுக்குப் பங்கு உண்டா, வேலை போகுமா, வேறு வேலை கற்பிக்கப்படுமா என்பவையும் வாங்குமுன்னரே வெளிப்படையாகப் பேசித் தீர்க்க வேண்டியவை. தொழிற்சங்கங்கள் யந்திரமே வேண்டாமென்று மறியல் செய்வதில் பலனில்லை. "எங்கே சோதனைக் குறிப்பு? யார் கையெழுத்து?" என்று கேட்பதே அவற்றின் கடமை.

கூட்டாளி என்றால் இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்ட உறவு என்பது பொருள். யந்திரம் பேசாது, அதன் சார்பில் பேச வேண்டியவர் அதை வாங்கி வைப்பவர். அவர் பேசட்டும், தொழிலாளி கேட்கட்டும், இருவரும் ஒப்பட்டும். அதன் பிறகு வேலியை எடுக்கலாம்.