நாவுக்கும் ஒரு நீதி உண்டு



மாம்பழக் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு வழக்கு மன்றம் கூடிவிடுகின்றது. பழமென்றால் பங்கனபள்ளிதான் என்பார் ஒருவர். மல்கோவாவுக்கு ஈடேது என்பார் மற்றொருவர். இமாம் பசந்தைச் சுவைத்தவர் வேறு பழத்தை ஏறெடுத்தும் பாரார் என்று மூன்றாமவர் தீர்ப்பே எழுதிவிடுவார். நீலத்துக்காகப் பரிந்து பேச மட்டும் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. இவ்வழக்கில் சாட்சி சொல்வதும் நாவு, தீர்ப்பளிப்பதும் நாவு. அந்த நாவு நீதியோடு நடந்துகொள்கின்றதா என்பதை இம்மாதம் சற்றே ஆராய்வோம்.

ஒரே தண்ணீர், வேறு வேறு சுவை

அருகருகே அமைந்த நிலங்களில் ஒரே தண்ணீரைக் குடித்து வளர்பவை சுவையில் ஒன்றையொன்று விஞ்சி நிற்பதை, சிந்திக்கும் மக்களுக்கு அத்தாட்சியாகத் திருக்குர்ஆனின் 'அர்ரஃது' அத்தியாயம் எடுத்துக்காட்டுகின்றது. அங்கே பேசப்படுபவை திராட்சையும் பயிர்களும் பேரீச்சையும். நம் நாட்டாருக்கு அவ்வத்தாட்சியைக் காண ஒரு மாந்தோப்பே போதும்.

நாம் விரும்பி உண்ணும் மாம்பழ வகைகளில் பெரும்பாலானவற்றின் கொட்டையை நட்டால், தாய்மரத்தின் பழம் அப்படியே கிடைப்பதில்லை. மகரந்தம் எம்மரத்திலிருந்து வந்ததோ அதன் குணமும் கலந்து புதியதொரு பழம் பிறக்கும். அதனாலேயே தோப்புக்காரர்கள் ஒட்டுக் கட்டி வகையைக் காத்து வருகின்றனர். உத்தரப் பிரதேசத்து மலிஹாபாதைச் சேர்ந்த ஹாஜி கலீமுல்லாஹ் கான், ஒரே மரத்தில் 300க்கும் மேற்பட்ட வகைகளை ஒட்டி வளர்த்தவர். 2008ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஒரே வேர் உறிஞ்சும் நீர் கிளைக்குக் கிளை வேறு சுவையாக மாறுகின்றதென்றால், அவற்றுள் ஒன்றை மட்டும் பழமென்று கொண்டு ஏனையவற்றைத் தள்ளிவிடுவது எவ்வாறு நியாயமாகும்?

ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம்

கடைக்கு முதலில் வந்து சேர்பவற்றுள் ஒன்று செந்தூரம். காம்பை ஒட்டிய தோளில் மருதாணி பூசியது போன்ற சிவப்பு அதன் அடையாளம். பருவத்தின் தொடக்கத்தில் வருவதால், ஏங்கியிருந்த நாவுக்கு அது பெரு விருந்தாகத் தோன்றும்.

பின்னால் வரும் பங்கனபள்ளி, ஆந்திரத்தில் நவாபுகள் ஆண்ட ஒரு சிறிய சமஸ்தானத்தின் பெயரைத் தாங்கியது. 1948இல் அந்தச் சமஸ்தானம் முடிவுக்கு வந்தது. பழமோ ஊரின் பெயரை நாடெங்கும் சுமந்து செல்கின்றது. 2017இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாரில்லாத கெட்டியான சதை, மெல்லிய மணம். விருந்தினருக்குத் துண்டு போட்டு வைப்பதற்கு ஏற்றது இதுவே.

இமாம் பசந்து என்றால் இமாமுக்குப் பிரியமானது என்று பொருள். பழுத்த பின்னரும் இதன் தோலில் பச்சை முழுதும் விலகுவதில்லை. நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவோர் காயென்று ஒதுக்கிச் செல்வர். அறுத்துப் பார்த்தாலோ வெண்ணெய் போன்ற சதை. இனிப்பினூடே இழையோடும் புளிப்பு. இதன் பருவம் மிகக் குறுகியது.

மல்கோவா உருண்டு பருத்தது. தடித்த தோல், நிறைந்த சாறு, உருவத்துக்குச் சிறிய கொட்டை. கிளிமூக்கு மாம்பழம் பழமாகச் சுவைக்கையில் சாதுவானது. ஆனால் அதையே காயாகக் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவிப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். மல்கோவா அங்கே தோற்றுப் போகும். கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகள் பெரிதும் நம்பியிருப்பதும் இந்தக் கிளிமூக்கையே.

மற்றவை விடைபெறும் வேளையில் வருவது நீலம். உருவில் சிறியது, விலையில் மலிவானது. கொட்டைக்குள் வண்டு இருக்கும் என்ற பழியையும் சுமப்பது. அந்தப் பழியில் உண்மை உண்டு. ஆயினும் அதன் மணத்தை அமைதியாக முகர்ந்தவர் எளிதில் மறக்கமாட்டார். மாமரங்களில் பல ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும். நீலமோ ஆண்டு தவறாமல் காய்க்கும் குணமுடையது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதனை வடநாட்டுத் தசேரியோடு இணைத்தே மல்லிகா, ஆம்ரபாலி என்னும் புகழ்பெற்ற இரு வகைகளை உருவாக்கினர். நாம் ஏளனமாகப் பார்க்கும் பழம் இத்தகைய பரம்பரைக்குச் சொந்தமானது!

ஒப்பிடும் முறை

பழங்களை ஒப்பிட விரும்பினால் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுங்கள். முதலாவது, ஒரே பக்குவத்தில் உள்ளவற்றையே எடுங்கள். கனிந்த ஒன்றையும் கனியாத ஒன்றையும் அருகில் வைத்துத் தீர்ப்புச் சொல்வது, நோயாளியையும் நலமுள்ளவரையும் ஓட விட்டுப் பரிசு கொடுப்பது போலாகும். இரண்டாவது, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே சுவைக்க வேண்டாம். குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும். மாம்பழத்தின் சுவையில் பெரும்பகுதி மணமே. மூன்றாவது, மென்மையான சுவையுடையதில் தொடங்கி, மணம் மிகுந்ததில் முடியுங்கள். இடையிடையே ஒரு மிடறு தண்ணீர் அருந்துங்கள்.

இனிப்பை மட்டும் அளந்து நின்றுவிடாதீர்கள். இனிப்பும் புளிப்பும் எவ்வளவு இணைந்திருக்கின்றன, நார் உண்டா, சாறு எத்தகையது, விழுங்கிய பின் தொண்டையில் நிற்கும் மணம் எது என்று ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். 'எது சிறந்தது?' என்று அவர்களைக் கேட்பதை விட, 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில்கள் உங்களை வியக்க வைக்கும்.

காலத்துக்கு முந்திய பழம்

நாவு தவறான தீர்ப்புச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முற்றாத காயைப் பறித்து, கார்பைடு கல் வைத்து மஞ்சளாக்கி, பருவம் தொடங்குமுன்பே விற்றுவிடுகின்றனர். அக்கல்லிலிருந்து எழும் வாயு தோலின் நிறத்தை மாற்றுகின்றது. ஆனால் முற்றாத காய்க்குள் இனிப்பாக மாறுவதற்குரிய மாவுச்சத்தே போதிய அளவு சேர்ந்திருப்பதில்லை. அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் போன்ற நச்சுப் பொருள்களும் சிறிதளவு கலந்திருக்கும். ஆகவேதான் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் இம்முறையைத் தடை செய்துள்ளன. அவ்வாறு வந்த பழத்தை உண்டுவிட்டு, 'பங்கனபள்ளியில் முன்போல் ருசியில்லை' என்று சொல்வது, குற்றமற்ற பழத்தின் மீது பழி போடுவதாகும்.

இதற்கு எளிய வழி, முற்றிய காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைப்பது. முற்றிய காயில் காம்புப் பகுதி குழிந்து, தோள் இரண்டும் உயர்ந்து நிற்கும். தண்ணீரில் போட்டால் அமிழும். மிதந்தால் பெரும்பாலும் இளங்காய் என்று கொள்ளலாம். காம்பில் வடியும் பாலை நன்கு கழுவித் துடைத்து, வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வையுங்கள். பழம் தானே வெளிவிடும் வாயு அங்கே தங்கி, அதனைச் சீராகக் கனிய வைக்கும். சில நாட்கள் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமைக்குக் கூலி பழத்துக்குள்ளேயே இருக்கின்றது.

கூடையில் ஏறும் கௌரவம்

இதுவரை சொன்னது நாவின் செய்தி. இனிச் சொல்லப் போவது உள்ளத்தின் செய்தி.

நம்மவர் வாழும் சில ஊர்களில், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு மாம்பழக் கூடை அனுப்பும் வழக்கம் உண்டு. அன்பால் தொடங்கிய வழக்கமே அது. ஆனால் பழங்களுக்கிடையே உயர்வு தாழ்வு கற்பித்த நாவு, மெல்ல மெல்ல மனிதர்களுக்கும் அதையே கற்பித்துவிடுகின்றது. 'மூத்தவள் வீட்டிலிருந்து இமாம் பசந்து வந்தது; இவள் வாப்பா நீலம் அனுப்பியிருக்கிறார்' என்று கூடத்தில் ஒரு சொல் விழுகின்றது. அடுப்படியில் நிற்கும் மருமகளின் காதில் அச்சொல் எவ்வாறு தைக்கும்! அடுத்த ஆண்டு அந்தத் தந்தை கடன் வாங்கியாவது விலையுயர்ந்த கூடையை அனுப்புவார். தம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கு ஒரு பழம் கூட அறுத்திருக்கமாட்டார்.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பது நாமெல்லாம் அறிந்த நபிவழி. விருப்பும் விருப்பமின்மையும் நாவுக்கு இயற்கை, அதில் குற்றமில்லை. மல்கோவாதான் எனக்குப் பிடிக்கும் என்று தாராளமாகச் சொல்லுங்கள். பிறர் அன்போடு நீட்டிய பழத்தைத் தாழ்த்திப் பேசும்போதுதான் நாவு எல்லை மீறுகின்றது. பழத்தைச் சுவைக்கும் அதே நாவுதான் மனிதரைப் புண்படுத்தவும் செய்கின்றது.

மாமியாராக இருக்கும் சகோதரிகளே! இந்த ஆண்டு உங்கள் வீட்டுக்கு நீலம் வந்தால், மருமகளை அருகில் அழைத்து, அவள் கண்ணெதிரே ஒரு பழத்தை அறுத்து, முதல் துண்டை மகிழ்வோடு உண்ணுங்கள். 'நல்ல மணம்' என்று ஒரு சொல் சொல்லுங்கள். அது பொய்யுமாகாது, நீலத்துக்கு மணம் உண்டு. கூடையே அனுப்ப இயலாத தந்தை ஒருவர் இருந்தால், அவர் வீட்டுக்கு உங்கள் கூடையிலிருந்து நாலு பழம் போகட்டும்.

பழங்களின் வேறுபாட்டை அறிந்துகொள்வது அறிவு. அவ்வேறுபாட்டை மனிதர்கள் மீது ஏற்றாமல் இருப்பது நீதி. இம்மாம்பழக் காலத்தில் இரண்டும் நம் வீடுகளில் நிறையட்டும்.